மைனஸ் நாற்பது டிகிரித் திருத்தணி

திருத்தணி மலையிலிருந்து இறங்கும்போது எங்கள் காரில் எரிந்துகொண்டிருந்த மஞ்சள் விளக்கை அணைத்தது யார்? நானா, முருகனா, அல்லது கிளட்சை ஒழுங்காக மிதிக்கத் தெரியாத என் இடது காலா? ஊர் திரும்பிப் பல வாரங்கள் ஆகியும் இதற்கு என்னிடம் பதில் இல்லை. என் மாமியாரிடம் இருக்கிறது. அந்தப் பதிலில் அவர் மிக உறுதியாக இருப்பதுதான் இப்போது என் சங்கடம்.

நாங்கள் இருப்பது கோயம்புத்தூரில். கணவர் கோபிக்குச் சொந்த ஊர் திருத்தணிக்குப் பக்கத்தில் கே.ஜி.கண்டிகை. மகன் குகனுக்கு ஒரு வயது நிறையும் முன் திருத்தணியில் முதல் மொட்டை அடித்துக் காது குத்த வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். அதனால் பங்குனி வெயிலில், கைக்குழந்தையோடு, புதிதாக வாங்கிய பழைய காரில் கிளம்பினோம். ஓட்டியது நான். கோபிக்கு லைசென்ஸ் உண்டு. ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்த அரைமணி நேரத்தில் கொட்டாவி விடுவார். அந்தக் கொட்டாவியைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார என்னால் முடியாது.

நான் பயந்த சுபாவம். குகனுக்கு என்று தெர்மாமீட்டர் வைத்திருக்கிறேன். காருக்கும் ஒன்று வைத்திருக்கிறேன். கட்டைவிரல் அளவு நீலநிற ஸ்கேனர் அது. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் செருகினால் கைபேசியோடு பேசும். இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரியும்போது, கார் என்ன குறையைக் கண்டது என்பதற்கு ஒரு எண்ணைச் சொல்லும். அந்த எண்ணை இணையத்தில் தேடினால் ஒருவர் "ஒன்றுமில்லை" என்பார், இன்னொருவர் "இன்ஜினையே மாற்ற வேண்டும்" என்பார். இரண்டையும் படித்துவிட்டு நான் இரண்டாமவரை நம்புவேன்.

முதல் நாள், ஊர் நெருங்கும்போதே கோபியின் தமிழ் மாறிவிட்டது. கோவையில் என்னோடு பேசும் மனிதர் ஒரு டீக்கடையில் இறங்கி, "இன்னா நைனா, வடை சூடா கீதா?" என்று கேட்டார். கடைக்காரர், "ஆங், இப்ப தான் எடுத்தேன், துன்னு பாரு" என்றார். பாதிப் பெயர்ப்பலகைகள் தெலுங்கில் இருந்தன. கல்யாணமாகி நாலு வருடமான பிறகும் இந்த இடத்தில் எனக்குக் கணவர் கொஞ்சம் வெளிநாட்டுக்காரராகத் தெரிவார்.

வீட்டு வாசலில் என் மாமியாரான அத்தை ஆரத்தித் தட்டோடு நின்றார். முதலில் குகனுக்கு, பிறகு காருக்கு, கடைசியாக எனக்கு. காரின் முகத்தில் பெரிய சாமந்தி மாலை விழுந்தது. நாங்கள் உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் தெருவில் இருந்த ஆடுகள் மாலையை நார் மட்டும் மிச்சம் வைத்துத் தின்றுவிட்டன. ஒரு ஆடு நம்பர் பிளேட்டை நக்கிக்கொண்டிருந்தது.

"சந்தனம் வெச்சிக்கீறேன் இல்ல, அதான் நக்குது" என்றார் அத்தை. ஆட்டின் மேல் அவருக்குக் கோபம் இல்லை. ஆனால் அங்கேயே ஒரு முடிவு எடுத்துவிட்டார் என்பது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது.

இரவுச் சாப்பாடு கேழ்வரகுக் களியும் புளிச்சகீரைக் கடையலும். எங்கள் ஊரில் அரிசியும் பருப்பும் சேர்த்துப் பொங்கி, நெய் விட்டு, நாக்குக்கு வலிக்காமல் சாப்பிட்டுப் பழகியவள் நான்.

"காரமா கீதாம்மா?"

"இல்லீங்க அத்தை."

"அப்ப கண்ணுல இன்னா தண்ணி?"

"வண்டி ஓட்டுன களைப்புங்க."

"களைப்புக்கு இன்னும் ரெண்டு கரண்டி ஊத்திக்க" என்று ஊற்றினார்.

இரண்டாம் நாள், குகனை அத்தையிடம் விட்டுவிட்டு, மொட்டைக்கு வேண்டியவற்றை வாங்கத் திருத்தணிக் கடைத்தெருவுக்குக் கிளம்பினோம். குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளப் போகிற தாய்மாமனுக்கு, அதாவது என் தம்பி பிரபுவுக்கு, வேட்டி துண்டு எடுக்க வேண்டும். ஊர் எல்லையில் ஒரு வேகத்தடை. கார் ஏறி இறங்கியது. மஞ்சள் விளக்கு எரிந்தது.

நான் ஓரம் கட்டினேன். கரும்புச்சாறு வண்டி வைத்திருந்த அம்மா எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, பெட்ரோல் தீந்துடுச்சா?"

"இல்லீங்க, லைட்டு எரியுதுங்க."

"பட்டப்பகல்ல இன்னாத்துக்கு லைட்டு? அணைச்சிட்டுப் போ" என்றவர், இஞ்சி போடவா என்று கேட்டு, பதில் வரும் முன்பே போட்டுப் பிழிந்தார்.

ஸ்கேனரைச் செருகினேன். P0113 என்றது. இன்ஜினுக்குள் போகும் காற்று எவ்வளவு சூடு என்று அளக்கும் சென்சாரில் ஏதோ கோளாறு என்று பொருள். சென்சார் இப்போது என்ன அளக்கிறது என்று ஆப்பில் பார்த்தேன். மைனஸ் நாற்பது டிகிரி.

வெளியே தார்ச்சாலை இளகிக் கிடந்தது. கரும்புச்சாறு அம்மா ஈரத்துணியைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்.

கோபி கைபேசியை எட்டிப் பார்த்தார். "அதான பார்த்தேன், காலு சில்லுன்னு கீதேன்னு."

"விளையாடாதீங்க. இது ஆபத்தான்னு தெரியல."

"லைட்டு தான எரியுது. வண்டி ஓடிகினு தான கீது."

என்ன செய்வதென்று தெரியாமல், செய்யக் கூடாததைச் செய்தேன். ஆப்பில் அந்த எண்ணை அழித்தேன். விளக்கு அணைந்தது. மழைக்காலத்தில் குகனுக்குக் காய்ச்சல் வந்தபோதும் இப்படித்தான். பதற்றத்தில் மருந்து கொடுத்துவிட்டு டாக்டரிடம் தூக்கிப்போனேன். அங்கே அவன் சிரித்துக்கொண்டு டாக்டரின் பேனாவைப் பிடுங்கினான். "யாருக்குங்க காய்ச்சல்?" என்று டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார். வீட்டுக்கு வந்த பிறகு காய்ச்சல் திரும்ப வந்து, ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. இப்போது விளக்கும் அப்படியே, அடுத்த வேகத்தடையில் திரும்ப வந்தது.

துணிக்கடையில் வேட்டி விரித்துக் காட்டும் நேரமெல்லாம் நான் இணையத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். ஒருவர் தெளிவாக எழுதியிருந்தார். மைனஸ் நாற்பது என்பது குளிர் இல்லை. சென்சாருக்கும் காரின் மூளைக்கும் இடையே ஒயர் விட்டுப்போனால் வரும் எண் அது. நடக்க முடியாத அளவு காட்டினால் இன்ஜினைச் சந்தேகிக்காதே, முதலில் ஒயரைப் பார், என்றிருந்தார். சென்சார் இருக்கும் இடத்தைப் படம் போட்டுக் காட்டியிருந்தார். வாழ்க்கையில் முதல் முறையாக இணையத்தில் நல்ல செய்தியை நம்பினேன்.

வீட்டுக்கு வந்ததும் பானெட்டைத் திறந்தேன். காற்று வடிகட்டும் பெட்டியிலிருந்து இன்ஜினுக்குப் போகும் கறுப்புக் குழாய். படத்தில் இருந்த அதே இடம். அங்கே சென்சார் தெரியவில்லை. மஞ்சள் துணியில் முடிந்த ஒரு முடிச்சு தெரிந்தது. எலுமிச்சம்பழ அளவு. மஞ்சள் கயிற்றால் குழாயைச் சுற்றி இறுக்கிக் கட்டி, குங்குமம் வைத்திருந்தது. அதன் அடியிலிருந்து இரண்டு ஒயர்கள் கழுத்தை நெரித்தது போலக் கோணலாக எட்டிப் பார்த்தன.

"அத அவுக்காத" என்று பின்னாலிருந்து அத்தையின் குரல் வந்தது.

விஷயம் இதுதான். குகன் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அத்தை இங்கே ஒரு நாணயத்தை மஞ்சள் துணியில் முடிந்து, பிள்ளை பிழைத்தால் திருத்தணி உண்டியலில் சேர்ப்பதாக வேண்டிக்கொண்டார். நாங்கள் வந்த அன்று, பிள்ளையும் காணிக்கையும் ஒன்றாக மலையேறட்டும் என்று அதைக் காரில் கட்ட நினைத்தார். முன்னால் கட்டினால் ஆடு தின்றுவிடும். உள்ளே கட்டலாம் என்று யோசனை சொல்லி, பானெட்டைத் தூக்கிப் பிடித்து, "இந்தப் பைப்பு கெட்டியா கீதும்மா, இதுல கட்டு" என்று இடம் காட்டியவர் என் கணவர். அப்போது நான் உள்ளே குகனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன்.

"அத்தைங், அவுக்க வேண்டாமுங்க. ரெண்டு விரல் அளவு நவுத்திக்கலாமுங்களா?"

"கட்டினத நவுத்துவாங்களா? மலைக்கிப் போயி நான் தான் அவுக்கணும். புள்ள உசுருக்கு முடிஞ்சதும்மா அது." சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

நான் பொறியியல் படித்தவள். ஒயர் எங்கே விட்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும். எதனால் விட்டது என்றும் தெரியும். கையை நீட்டினால் முடிந்துவிடும் வேலை. ஆனால் கை நீளவில்லை. நகர்த்திய மறுநாள் குகனுக்கு மூக்கு ஒழுகினாலும் அந்த முடிச்சுதான் என் நினைவில் நிற்கும். நகர்த்தாமல் மலைப்பாதையில் வண்டி நின்று பின்னால் உருண்டால்? அதுவும் குகன்தான். இரண்டு பக்கமும் அவனே உட்கார்ந்திருந்தான்.

மாலை முழுவதும் காரின் கையேட்டைப் படித்தேன். மஞ்சள் இன்ஜின் விளக்கு அசையாமல் எரிந்தால், வண்டி ஒழுங்காக ஓடும் வரை மெல்ல ஓட்டிப் போய்ச் சீக்கிரம் காட்ட வேண்டும். அது விட்டுவிட்டு மின்னினால் வேகத்தைக் குறைத்து, கூடிய சீக்கிரம் நிறுத்த வேண்டும். சிவப்பில் எண்ணெய்க் குவளையோ வெப்பமானியோ தெரிந்தால் அந்த இடத்திலேயே ஓரம் கட்டி இன்ஜினை அணைக்க வேண்டும். எனக்கு வந்திருப்பது அசையாத மஞ்சள். படித்ததும் நிம்மதி வந்தது. பிறகு, மின்னியதை நான் கவனிக்காமல் விட்டிருப்பேனோ என்ற சந்தேகம் வந்தது.

அப்போதுதான் ஒரு தந்திரம் தோன்றியது. மெக்கானிக்கிடம் போகலாம். தொழில் தெரிந்தவர் தொட்டால் அது பரிசோதனை. தெய்வக் குற்றமெல்லாம் அவர் கணக்கு.

மூன்றாம் நாள் மாமா, அதாவது என் மாமனார், உற்சாகமாகக் கிளம்பினார். அவருடைய டிராக்டரைப் பார்க்கும் பாஸ்கர் என்பவர் எல்லைக்கு அந்தப் பக்கம், ஆந்திராவில், நகரியில் கொட்டகை போட்டிருக்கிறார். நான் ஓட்ட, மாமா பக்கத்தில், கோபியும் குகனும் பின்னால். சாலையில் கரும்பு ஏற்றிய டிராக்டர்களும் மாந்தோப்புகளும் வந்தன.

"பார்டர் தாண்டறோம், பாஸ்போர்ட் எடுத்துகினியாம்மா?" என்றார் மாமா.

"நைனா எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்லருந்து இதையே சொல்லிகினு கீறாரு" என்று தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார் கோபி.

எல்லை தாண்டியதும் டிபன். உருண்டையான மைதா போண்டாவும் கடலைச் சட்னியும். குகனுக்கு இட்லி கேட்டேன். பரிமாறியவர் அதன் மேல் நெய்யும் சிவப்புப் பொடியும் தூவிக்கொண்டு வந்தார். நான் பொடியைத் தட்டிவிடுவதைப் பார்த்துத் தெலுங்கில் ஏதோ சொன்னார்.

"இப்பவே பழக்கலைன்னா மூணு வயசுல அழுவானாம்" என்று மாமா மொழிபெயர்த்தார்.

இங்கேதான் நான் அடுத்த தவறைச் செய்தேன். பாஸ்கரின் கொட்டகைக்கு முன்னால் நிறுத்தும்போது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. விருந்தாளி வரும் முன் வீட்டைக் கூட்டுவது போல, கை தானாகவே ஆப்பைத் திறந்து எண்ணை அழித்துவிட்டது. நல்ல குடும்பத்துக் காராகத் தெரிய வேண்டும் என்று நினைத்தேனோ என்னவோ.

பாஸ்கருக்கு மாமாவின் வயது இருக்கும். விஷயத்தைக் கேட்டுவிட்டு உள்ளே போனார். பூட்டிய எவர்சில்வர் டப்பாவிலிருந்து, துண்டில் சுற்றிய ஒரு பொருளைப் பயபக்தியோடு எடுத்துவந்தார். அது என்னிடம் இருக்கும் அதே நீல ஸ்கேனர். அதே ஆப். என்னுடையது கொஞ்சம் சுத்தமாக இருந்தது.

செருகிப் பார்த்தார். குறை எதுவும் இல்லை என்று வந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தார். குகனின் டாக்டர் பார்த்த அதே பார்வை.

"நான்தானுங்க இப்ப அழிச்சேன்."

தெலுங்கில் நீளமாக ஒன்று சொன்னார். மாமா அதை எனக்குச் சொல்லத் தயங்கினார்.

"இன்னா சொல்றாரு நைனா?" என்றார் கோபி.

"வாந்தி எடுத்த புள்ளைக்கு வாயத் தொடச்சி, பவுடர் போட்டுக் கூட்டிகினு வந்தா நான் இன்னாத்தப் பாக்கறதுன்னு கேக்கறான்."

அந்தக் கேள்வி நியாயமானது. இதைப் படிக்கும் யாரிடமாவது ஸ்கேனர் இருந்தால், எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அழிக்காமல் கொண்டுபோய்க் காட்டுங்கள். கோளாறு வந்த நேரத்தில் வண்டி எப்படி ஓடிக்கொண்டிருந்தது என்ற விவரமும் சேர்ந்து அழிந்துவிடுகிறது.

நல்லவேளை, எண் எனக்கு மனப்பாடம். சொன்னேன். பாஸ்கர் பானெட்டைத் திறந்தார். காற்று வடிகட்டும் பெட்டியைத் தொட்டார். குழாயின் மேல் விரலை ஓட்டினார். விரல் மஞ்சள் முடிச்சுக்கு முன்னால் நின்றது. இரண்டடி பின்னால் வந்து செருப்பைக் கழற்றினார்.

"எந்தக் கோயில்?" இதை மட்டும் தமிழில் கேட்டார்.

"திருத்தணி" என்றார் மாமா.

பாஸ்கர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதன் பிறகு அந்தக் குழாயின் பக்கமே அவர் கை போகவில்லை. எண்ணெய் பார்த்தார், ரேடியேட்டர் தண்ணீர் பார்த்தார், பேட்டரி முனைகளைத் தேய்த்தார், டயரைக்கூட உதைத்துப் பார்த்தார். எல்லாம் நன்றாக இருந்தன.

"அந்த முடிச்சை மட்டும் கொஞ்சம் நகர்த்திப் பார்க்கச் சொல்லுங்க மாமா."

மாமா சொன்னார். பாஸ்கர் கைகளை ஆட்டி ஆட்டி வெகுநேரம் பேசினார். மாமா இடையிடையே "அவுனா" என்று வியந்தார். முடிந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"மாட்டானாம்."

"இவ்வளவு நேரம் பேசினாருங்களே?"

"போன வருசம் ஒரு வண்டில கட்டிகினு இருந்த எலுமிச்சம்பயத்த அவங்க மச்சான் அறுத்துப் போட்டானாம். சாய்ங்காலமே அவன் கால்ல ஜாக்கி வியுந்துச்சாம். எந்தக் கால், எந்த வெரலுன்னு சொன்னான்."

கடைசியில் தீர்ப்பு வந்தது. பெட்ரோல் சரியில்லை. தமிழ்நாட்டுப் பெட்ரோல் அப்படித்தான். மாமாவின் முகம் மாறியது. திரும்பும் வழியில் எல்லை தாண்டியதும், "அவனுக்கு டிராக்டரத் தவர ஒரு எயவும் தெரியாது" என்றார். வேகத்தடை வந்தது. விளக்கு எரிந்தது. இந்த முறை நான் எதையும் அழிக்கவில்லை.

நான்காம் நாள் காலை பிரபு ரயிலில் வந்து சேர்ந்தான். மஞ்சள் விளக்கைப் பார்த்ததும், "என்னக்கா, வண்டிக்கும் காச்சலா?" என்றான். மாமா முந்தின நாள் பெட்ரோல் வருத்தத்தில் பேருந்தில் வருவதாகச் சொல்லிவிட்டார். அத்தை குகனை மடியில் வைத்துக்கொண்டு பின்னால், பிரபு அவர் பக்கத்தில், கோபி முன்னால். மலைப்பாதை அதிகத் தூரமில்லை. ஆனால் அன்று முகூர்த்த நாள். வண்டிக்குப் பின் வண்டி ஊர்ந்தது.

பாதி ஏறியதும் முன்னால் போன வேன் நின்றது. நானும் நின்றேன். வேன் நகர்ந்தது. நான் கிளட்சை விட்டேன், இன்ஜின் உதறிவிட்டு அணைந்தது. பின்னால் இருந்த எல்லா வண்டிகளும் ஒன்றாக ஹாரன் அடித்தன. கோபி இறங்கி ஓடி, பின்சக்கரத்துக்கு ஒரு கல்லைப் போட்டார். பூ விற்கும் பெண் ஜன்னலில் தலையை நீட்டி, "நின்னுகினு தான கீற, ரெண்டு மொயம் வாங்கிக்க" என்றார்.

"வித்யா, ஆட்டோ புடிக்கட்டா?" என்றார் கோபி. முதல் முறையாக அவர் குரலில் விளையாட்டு இல்லை.

கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். குகன் அத்தையின் வளையலைக் கடித்துக்கொண்டிருந்தான். அத்தை என்னையே பார்த்தார். அவர் காணிக்கை காரில்தான் கட்டியிருந்தது. ஆனால் "வண்டில தான் போவணும்" என்று அவர் சொல்லவில்லை. "உனக்கு பயமா கீதுன்னா எறங்கிடலாம்மா" என்றார்.

சாவியைத் திருப்பினேன். இன்ஜின் உடனே பிடித்தது. சிவப்பு விளக்கு எதுவும் எரியவில்லை. மஞ்சள் அசையாமல் எரிந்தது. மின்னுகிறதா என்று உற்றுப் பார்த்தேன், மின்னவில்லை. சத்தம் சீராக இருந்தது. புகையில்லை, தீய்ந்த நாற்றமில்லை. வண்டி நின்றது கோளாறினால் இல்லை, என் காலினால். இது எனக்குத் தெரிந்தது. தெரிந்ததை யாரிடமும் கேட்டு உறுதி செய்துகொள்ளாமல், "உட்காருங்க, போலாம்" என்றேன். ஏறிவிட்டோம்.

மொட்டைக் கூடத்தில் குகன் பிரபுவின் மடியில் உட்கார்ந்து, கத்தி பட்டதும் மலை அதிர அழுதான். நானும் அழுதேன். பக்கத்தில் இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிச் சிரித்தார்கள். பேருந்தில் வந்து சேர்ந்திருந்த மாமாவிடம் என்னவென்று கேட்டேன். "கத்தி யாரு தலையில ஓடுதுன்னு தெரியலையாம்" என்றார். சந்தனம் பூசியதும் குகன் அழுகையை நிறுத்தித் தன் தலையைத் தடவிப் பார்த்தான். காது குத்தியபோது பிரபு கண்ணை மூடிக்கொண்டான்.

பிறகு காருக்குப் பூசை. சக்கரங்களுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி இறக்கினேன். அத்தை பானெட்டைத் திறக்கச் சொன்னார். கயிற்றின் முடிச்சு சூட்டில் இறுகிப் போயிருந்தது. விரலால் முயன்றார், பல்லால் முயன்றார், கடைசியில் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். மஞ்சள் முடிப்பு கையோடு வந்தது. ஒயர் முனையும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு அந்தரத்தில் தொங்கியது. அத்தை அதைக் கவனிக்கவில்லை. முடிப்பைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, குகனைத் தூக்கிய கோபியோடு உண்டியலுக்கு நடந்தார். பிரபுவும் மாமாவும் போனார்கள்.

நான் மட்டும் காரோடு நின்றேன். தொங்கிய முனையை எடுத்துச் சென்சாரில் வைத்து அழுத்தினேன். 'டக்' என்றது. அவ்வளவுதான்.

ஆப்பில் பார்க்கலாம் என்றால் கைபேசி கோபியிடம். அவர் திரும்பி வந்தபோது, மொட்டையைப் படமெடுத்துப் படமெடுத்து அது சார்ஜ் தீர்ந்து கிடந்தது. வண்டியைக் கிளப்பினேன். விளக்கு எரிந்தது. சரி செய்த பிறகும் எரிகிறதே என்று அதையே பார்த்தபடி வண்டியை இறக்கினேன். இறங்கும் வரிசையில் மறுபடியும் என் கால் சதி செய்தது. ஒரு முறை இன்ஜின் அணைந்தது. கிளப்பினேன், விளக்கு எரிந்தது. சற்றுத் தள்ளி இன்னொரு முறை. பிறகு வளைவில் மூன்றாம் முறை. அப்போது பின்னால் அத்தை கோபுரத்தைப் பார்த்துக் கையெடுத்து, "முருகா, காணிக்கைய சேத்துட்டேன்" என்றார். சாவியைத் திருப்பினேன். இன்ஜின் பிடித்தது. விளக்கு இல்லை.

"பூடுச்சி பாத்தியா" என்றார் அத்தை, மிகச் சாதாரணமாக.

கோபி கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிரபு என்னைப் பார்த்தான். நான் சாலையைப் பார்த்தேன்.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். கோளாறு சரியான பின், சில முறை வண்டியைக் கிளப்பி ஓட்டி, ஒவ்வொரு முறையும் குறை தெரியாவிட்டால் பல கார்களில் விளக்கு தானாக அணையுமாம். அப்படியென்றால் அதை அணைத்தது என் 'டக்'. இல்லை, என் கால். ஆனால் அத்தை அப்படி இழுத்திருக்காவிட்டால் ஒயர் முனை என் கைக்கு வந்திருக்காது. அவர் கட்டியிருக்காவிட்டால் ஒயர் விட்டே இருக்காது. காய்ச்சல் வந்திருக்காவிட்டால் அவர் முடிந்தே இருக்கமாட்டார். இப்படியே பின்னால் போனால் எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. குகன் நன்றாக இருக்கிறான். அத்தையிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் காலை ஊருக்குக் கிளம்பினோம். கோவை வந்து இரண்டாவது வாரம், எங்கள் தெரு முனை வேகத்தடையில் மஞ்சள் விளக்கு எரிந்தது. ஸ்கேனரைச் செருகினேன். கோயம்புத்தூரில் மைனஸ் நாற்பது டிகிரி. பானெட்டைத் திறந்தேன். அதே குழாயில், அதே இடத்தில், புத்தம் புதிய மஞ்சள் முடிச்சு.

அத்தைக்குப் போன் செய்தேன்.

"ஆங், நீ கெளம்பசொல்ல கட்டினேன். இவ்ளோ தூரம் தனியா ஓட்டிகினு போற. உனக்காவத் தான் முடிஞ்சேன். அடுத்த வருசம் வரசொல்ல அவுத்துக்கலாம். அந்த எடம் தான் ராசியான எடம்."

எனக்காக ஒருவர் வேண்டிக்கொண்டு கட்டியது. "சரிங்க அத்தை" என்றேன். வேறென்ன சொல்வது? ஞாயிற்றுக்கிழமை தோறும் வீடியோவில் குகனைப் பார்த்த பிறகு, "வண்டியக் காட்டு" என்கிறார். பானெட்டைத் திறந்து காட்டுகிறேன். முடிச்சின் கோணம்கூட அவருக்கு நினைவிருக்கிறது.

விளக்கு எரிவதும் அணைவதுமாக இருக்கிறது. இந்த மஞ்சளோடு மெல்ல ஓட்டலாம் என்று தெரியும். ஆனால் இது எரிந்துகொண்டே இருந்தால் நாளைக்கு உண்மையான கோளாறு ஒன்று வந்து, அதே விளக்கின் பின்னால் ஒளிந்துகொண்டால் எனக்குத் தெரியாமல் போகும். ஒரு வருடம் காத்திருக்க முடியாது. இங்கே இரண்டு மெக்கானிக்குகளிடம் காட்டினேன். இருவரும் பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றினார்கள். ஒரு கோயில் குருக்களிடம் கேட்டேன். "கட்டினவங்களைக் கேளுங்கோ" என்றார்.

ஆகவே உங்களைக் கேட்கிறேன். அவிழ்க்காமல், கயிறு தளராமல், இரண்டு விரல் அளவு மட்டும் முடிச்சை நகர்த்தினால் வேண்டுதல் கெடுமா? நகர்த்தலாம் என்றால், அதை மாமியாரிடம் எந்த வாக்கியத்தில் தொடங்கிச் சொல்ல வேண்டும்? கார் தெரிந்தவர்களின் பதில் எனக்குத் தேவையில்லை, அந்தப் பகுதி எனக்குத் தெரியும். மாமியார் உள்ளவர்கள் யாராவது எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்தால் நல்லது.